கொல்லைப்புற அடுப்படி அமைக்கும் முறை

சமையல் எரிவாயு கிராமங்களுக்கு வந்த பிறகும் விறகடுப்பு உழவர் இல்லங்களை விட்டுப் போகவில்லை. மாநில அரசு முன்னர் வழங்கிய இலவச எரிவாயு அடுப்பின் மூலமாகவும், 2016-ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கப்பட்ட மத்திய அரசின் உஜ்வலா திட்டத்தின் மூலமாகவும் எளிய குடும்பங்கள் பலவற்றுக்கு எரிவாயு இணைப்பு கிடைத்துள்ளது. காப்பி போடவும், குழம்பு கூட்டவும், அவசரத்துக்குத் தோசை வார்க்கவும் அதுவே வசதி. ஆனால் குடும்பம் முழுவதற்கும் வெந்நீர் வைக்க வேண்டும். கறவை மாட்டுக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டும். நடவுக்கும் அறுப்புக்கும் வரும் ஆட்களுக்குச் சோறு வடிக்க வேண்டும். வீட்டுச் சாப்பாட்டுக்கு நெல் அவிக்க வேண்டும். இவ்வளவையும் 14.2 கிலோ எரிவாயு கொண்ட ஒரு சிலிண்டரை நம்பிச் செய்ய இயலாது. ஆகையால் கொல்லையில் ஒரு மூலையில் மூன்று கற்களைக் கூட்டி, மேலே நான்கு கீற்றைச் சாய்த்து, அதையே அடுப்படி என்று வைத்துக் கொள்கிறோம்.

நெல் நாற்றை 20 செ.மீ.க்கு 10 செ.மீ. என்று கயிறு பிடித்து நடுகிறோம். தொழுவம் கட்டும்போது மாட்டுக்கு எத்தனை அடி இடம், மூத்திரம் எந்தப் பக்கம் வடிய வேண்டும் என்றெல்லாம் யோசிக்கிறோம். ஆனால் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும் அடுப்படிக்கு மட்டும் அளவு எதுவும் பார்ப்பதில்லை. இது சரியன்று. வீட்டினுள் விறகு முதலியவற்றை எரிப்பதால் உண்டாகும் புகையின் காரணமாக 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறக்குறைய 32 லட்சம் பேர் இறந்திருக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. நாள்பட்ட நுரையீரல் நோயும், குழந்தைகளுக்கு நிமோனியாவும், பெண்களுக்குக் கண்புரையும் இப்புகையினால் மிகுதியாகின்றன. அடுப்பைக் கொல்லைக்குக் கொண்டு வந்துவிட்டால் புகை தானாகவே போய்விடும் என்று பலர் எண்ணுகின்றனர். காற்று முகத்தில் அடிக்கும்படி அடுப்பு இருந்தால், வெட்டவெளியிலும் சமைப்பவர் புகையைத்தான் சுவாசிப்பார்.

தீ விபத்தும் இதே அளவு கருதத்தக்கது. 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் கொட்டகையில் பிடித்த தீ, வகுப்பறைகளின் கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகளின் உயிரைக் குடித்ததை நாம் மறந்திருக்க முடியாது. அடுப்பும் கீற்றும் ஒன்றாக இருக்கும் கொல்லைகள் நம்மிடம் இன்றும் இருக்கின்றன.

எனவே அடுப்படி கட்ட நினைக்கும் உழவர் பெருமக்கள் ஒரு விதியை மனத்தில் நிறுத்திக் கொள்ள வேண்டும். தீ இருக்கும் உயரத்தில் காற்றைத் தடுக்க வேண்டும். புகை இருக்கும் உயரத்தில் காற்றுக்கு வழி விட வேண்டும். கீழே வரும் கூற்றுகளில் பெரும்பாலானவை இந்த விதியிலிருந்து பிறந்தவையே.

இடம் தேர்வு

தமிழ்நாட்டில் ஆண்டு முழுவதும் ஒரே காற்று வீசுவதில்லை. ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் காற்று வீசும். பாலக்காட்டுக் கணவாய்க்கு நேராக உள்ள பொள்ளாச்சி, உடுமலைப் பகுதிகளிலும், செங்கோட்டைக் கணவாயை அடுத்த தென்காசிப் பகுதியிலும், ஆரல்வாய்மொழியிலும் இக்காற்றின் வேகம் மிக அதிகம். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகிழக்கிலிருந்து மழையோடு வாடை வரும். கடலோர மாவட்டங்களில் பங்குனி முதல் வைகாசி வரை பிற்பகலில் கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் கடற்காற்று ஏறும்.

இம்மூன்றையும் வைத்து வீட்டின் நான்கு மூலைகளையும் சீர்தூக்கிப் பார்க்கலாம். வீட்டுக்குத் தென்கிழக்கில் அடுப்படி இருந்தால், ஆடிக் காற்று புகையைக் கிழக்கேயும் வடகிழக்கேயும் கொண்டுபோகும். வீட்டின் மேல் படாது. ஐப்பசி வாடை அதைத் தென்மேற்கே தள்ளும். அதுவும் வீட்டின் தெற்குப் பக்கமாகவே போய்விடும். தென்கிழக்கை அக்கினி மூலை என்று முன்னோர் ஒதுக்கியது எந்த எண்ணத்தில் என்பதை விட்டுவிட்டாலும், நம் காற்றுக் கணக்குக்கு அது பெரும்பாலும் ஒத்துப் போகிறது. ஆனால் கடற்கரையை ஒட்டிய ஊர்களில் கோடைக்காலத்து மாலைச் சமையலின் புகை அங்கிருந்து நேரே வீட்டுக்குள் வரும். அத்தகைய இடங்களில் அடுப்படியை வீட்டை விட்டு 20 அடியாவது விலக்கிப் போட வேண்டும். அல்லது, பிற மாதங்களில் காற்று பொருந்தினால், வடமேற்கு மூலையைப் பார்க்கலாம்.

இவையெல்லாம் பொதுவான கணக்கு. உங்கள் கொல்லையில் பக்கத்து வீட்டுச் சுவரும், தொழுவமும், தென்னை வரிசையும் காற்றைத் திருப்பிவிடும். புதிய ரகத்தை ஊர் முழுவதும் விதைக்கும் முன் சிறு திடலில் சோதித்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். அதே முறையை இங்கும் கையாளலாம். தேர்ந்தெடுத்த இடத்தில் 8 அடி உயரக் கழி ஒன்றை நட்டு, அதன் உச்சியில் பழைய வேட்டிக் கிழிசலைக் கட்டிவிடுங்கள். அருகே மூன்று செங்கல்லைக் கூட்டி ஒரு வாரம் அங்கேயே வெந்நீர் வையுங்கள். காலையிலும் மாலையிலும் துணி எத்திசையில் பறக்கிறது, புகை எங்கே போகிறது என்று நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் குறித்து வாருங்கள். ஆடியில் ஒரு வாரமும் ஐப்பசியில் ஒரு வாரமும் இவ்வாறு பார்த்துவிட்டு, தை, மாசியில் கட்டுவதே முறை. அறுவடை முடிந்து கையில் ஓய்வும் இருக்கும். சூளையில் செங்கல்லும் கிடைக்கும். பூசிய மண்ணும் நன்றாகக் காயும். சோதனை அடுப்பில் சமைப்பவர், நாளை அங்கே சமைக்கப் போகும் பெண்மணியாகவே இருக்க வேண்டும். அவர் வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் கட்டினால் செலவழித்த பணம் வீண்.

வைக்கோல் போருக்கும் அடுப்படிக்கும் இடையே குறைந்தது 60 அடி இருப்பது நல்லது. போர், ஆடிக் காற்றுக்கு அடுப்படியின் கிழக்கிலோ வடகிழக்கிலோ இருக்கவே கூடாது. பொறி பறந்தால் நேரே அங்கேதான் விழும். அடுத்த வீட்டுக் கீற்றுக் கூரைக்கும் இது பொருந்தும். மின்கம்பியின் அடியிலும் தென்னை மரத்தின் அடியிலும் கட்டுதல் ஆகாது. முருங்கையின் கிளை காற்றுக்கு எளிதில் முறியும் என்பதால் அதனையும் தவிர்க்க வேண்டும். மேற்கே 20 அடி தள்ளி ஒரு வேம்போ புங்கனோ இருந்தால் மாலை வெயிலுக்கு நிழலாகும். மழைநீர் தேங்கும் பள்ளத்தை எக்காரணம் கொண்டும் தேர்ந்தெடுக்கக் கூடாது.

அளவும் சுவரும்

நான்கைந்து பேர் உள்ள குடும்பத்துக்குக் கிழக்கு மேற்காக 12 அடியும் தெற்கு வடக்காக 10 அடியும் போதும். இதைவிடப் பெரிதாகக் கட்டினால் ஓராண்டுக்குள் பாதி இடத்தில் உர மூட்டையும் தெளிப்பானும் வந்து உட்கார்ந்து கொள்ளும். பூச்சிமருந்தோ தெளிப்பானோ சமைக்கும் இடத்தில் ஒரு நாளும் இருக்கக் கூடாது என்பதால், அதற்கு இடமே விடாமல் கட்டுவது மேல்.

தரையைச் சுற்றுப்புறத்தை விட 1 முதல் 1½ அடி உயர்த்திக் கொள்ளுங்கள். கருங்கல் கிடைக்கும் ஊரில் அடிமட்டத்துக்குக் கல்லே சிக்கனம். உள்ளே சரளை மண்ணைக் கொட்டி நீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்கி, மேலே செங்கல்லைப் படுக்கையாகப் பதித்தால் போதும். தரை வடக்கு நோக்கி 10 அடிக்கு 1½ அங்குலம் சரிந்திருந்தால் கழுவிய நீர் தேங்காது.

சுவர் நாற்புறமும் வேண்டியதில்லை. காற்று வலுவாக வரும் மேற்கிலும், அடுப்பு அமையும் தெற்கிலும் 4 அடி உயரத்துக்கு 9 அங்குலச் சுவர் எழுப்பி, அதற்கு மேல் கூரை வரை திறந்து விடுங்கள். தீ இருக்கும் உயரத்தை இச்சுவர் காத்துக் கொள்ளும். புகை மேலே தடையின்றி வெளியேறும். கணவாய்க் காற்று வீசும் ஊர்களில் மட்டும் மேற்குச் சுவரின் மேல் இன்னும் 2 அடிக்குச் செங்கல்லை இடைவெளி விட்டு ஜாலியாக அடுக்கலாம். 9 அங்குலச் சுவர் 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 1000 செங்கல் பிடிக்கும். நமது இரண்டு சுவரும் சேர்ந்து 88 சதுர அடி. 900 செங்கல் வாங்கினால் சரியாக இருக்கும். அடுப்பு மேடைக்கு இன்னும் 100. செங்கல் விலையும் கூலியும் ஊருக்கு ஊர் மாறுவதால் தொகையை நீங்களே போட்டுக் கொள்ளலாம்.

வடக்கும் கிழக்கும் திறந்தே இருக்கட்டும். வீட்டிலிருந்து வரும் வழி வடக்குப் பக்கம் அமையும். ஐப்பசிச் சாரல் இவ்விரு பக்கமும்தான் அடிக்கும். அதற்காக நிலையான சுவர் வேண்டாம். மூங்கில் சட்டத்தில் தகரம் அடித்த தட்டி இரண்டு செய்து, மழை மாதங்களில் மட்டும் கட்டித் தொங்கவிட்டு, தையில் கழற்றிப் பரண் மேல் போட்டுவிடலாம். கீற்றுத் தட்டி மலிவுதான். ஆனால் அடுப்பருகே கீற்று கூடாது என்பதை மேலே பார்த்தோம்.

கூரை

செலவைக் குறைக்க வேண்டுமானால் வேறு எதில் வேண்டுமானாலும் குறைக்கலாம், கூரையில் குறைக்க வேண்டாம் என்பது எனது கருத்து. கிரானைட் பலகையும் பளபளக்கும் ஓட்டுச்சில்லும் பதித்து, மேலே தாழ்வான தகரத்தைப் போட்டு மூடிய அடுப்படிகளைக் கிராமங்களில் காண்கிறேன். பகல் வேளையில் அதன் அடியில் நிற்க முடிவதில்லை. புகையும் தலைக்கு மேலேயே சுற்றுகிறது.

மங்களூர் ஓடு இதற்கு மிகப் பொருத்தமானது. பழைய வீடு இடிக்கும் இடங்களில் நல்ல ஓடும் முற்றிய பனஞ்சட்டமும் குறைந்த விலைக்குக் கிடைக்கும். கல்நார் தகட்டின் தூள் நுரையீரலுக்குத் தீங்கு என்பதால் அதனைத் தவிர்க்க வேண்டும். கல்தூணோ வைரம் பாய்ந்த பனந்தூணோ ஆறு நட வேண்டும். மரத்தூணாக இருந்தால் மண்ணில் புதைக்காமல் கல்லின் மேல் நிறுத்தினால் கரையான் ஏறுவது குறையும்.

முகடு கிழக்கு மேற்காக ஓடட்டும். ஓரத்தில் 7½ அடி உயரமும் முகட்டில் 10½ அடி உயரமும் வைத்தால் ஓட்டுக்கு வேண்டிய சரிவு கிடைக்கும். வடக்கே கூரையை 2 அடி வெளியே நீட்டினாலும் தலை இடிக்காது. கிழக்கு, மேற்கு முக்கோணங்களை அடைக்காதீர்கள். மேற்கே நுழையும் காற்று, முகட்டடியில் திரண்ட புகையைக் கிழக்கே தள்ளிக் கொண்டு போகும். இதோடு முகட்டின் நெடுக 9 அங்குலம் திறப்பு விட்டு, அதன் மேல் அரை அடி உயர்த்தி ஒரு குட்டிக் கூரை போட்டால், காற்றில்லாத நாளிலும் புகை மேலேறிப் போய்விடும். இதற்கு ஆகும் கூடுதல் செலவு சில சட்டங்களும் ஒரு வரிசை ஓடும்தான். தச்சர் தேவையில்லை என்பார். வற்புறுத்திச் செய்ய வைக்க வேண்டும்.

அடுப்புக்கு நேர் மேலே சட்டத்தின் அடியில் 3 அடிக்கு 3 அடி தகரத் தகடு ஒன்றைக் கட்டிவிட்டால் தீ நாக்கும் பொறியும் மரத்தில் படா. வேறு வழியின்றிக் கீற்றே போட வேண்டிய நிலையில் இருப்பவர்கள், அடுப்புக்கு மேலுள்ள பகுதியையாவது தகரமாகப் போட்டு, அதற்கும் கீற்றுக்கும் இடையே தூரம் விட வேண்டும்.

அடுப்பு எந்தப் பக்கம்?

தெற்குச் சுவரை ஒட்டி, சமைப்பவர் தெற்கு நோக்கி நிற்கும்படி மேடை அமைத்தால், ஆடிக் காற்று அவரது வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகக் குறுக்கே போகும். ஐப்பசி வாடை முதுகுப் பக்கமாக வந்து புகையைச் சுவருக்கு மேலாக வெளியே தள்ளும். எந்தப் பருவத்திலும் புகை முகத்தில் அடிக்காது. கடற்காற்று மட்டும் இடப்பக்க முன்புறமாக வரும். அதற்குத் தெற்குச் சுவர் ஓரளவு தடையாகும்.

கிழக்கு நோக்கியே சமைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லும் வீடுகள் உண்டு. அவ்வாறு செய்தால் ஆடியில் நன்றாக இருக்கும். ஐப்பசியில் புகையும் சாரலும் எதிரே வரும். அவர்கள் கிழக்கேயும் 4 அடிச் சுவர் எழுப்பிக் கொள்ள வேண்டியதுதான். அடுப்பின் வாய் பலத்த காற்றுக்கு நேரே திறந்திருந்தால் விறகு மளமளவென்று எரியும். ஆனால் வெப்பம் பானையில் ஏறாமல் பக்கவாட்டில் பறந்துவிடும்.

மேடையின் உயரம்

இதில்தான் கொத்தனார்கள் பெரும்பாலும் தவறுகின்றனர். எரிவாயு அடுப்புக்குப் போடும் 2¾ அடி மேடையை அப்படியே விறகடுப்புக்கும் போட்டு விடுகின்றனர். கணக்குப் பாருங்கள். மேடை 33 அங்குலம். விறகடுப்பு 11 அங்குலம். அதன் மேல் சோற்றுப் பானை 9 அங்குலம். ஆக 53 அங்குலம். 5 அடி உயரமுள்ள பெண்ணுக்குப் பானையின் வாய் தோளுக்கும் மேலே போய்விடும். கொதிக்கும் பானையை அந்த உயரத்திலிருந்து இறக்குவது எவ்வளவு ஆபத்து! உள்ளே வெந்ததா என்று பார்க்க முகத்தை ஆவியிலும் புகையிலும் நீட்ட வேண்டும்.

சமைப்பவரின் முழங்கை உயரத்தை அளந்து, பானையின் வாய் அதற்கு 2 அல்லது 3 அங்குலம் கீழே வரும்படி மேடையைக் குறைக்க வேண்டும். 5 அடி உயரமுள்ளவருக்கு முழங்கை ஏறக்குறைய 38 அங்குலத்தில் இருக்கும். அவருக்கு 15 அங்குல மேடையே போதும். அதாவது ஒன்றேகால் அடி. உட்கார்ந்து சமைத்தே பழகியவருக்கு மேடையே வேண்டாம். தரையில் அடுப்பும், உட்கார அரை அடி உயரத் திண்ணையும் போதுமானவை. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் தரை அடுப்பைச் சுற்றி ஒரு தடுப்பு அவசியம்.

மேடை 8 அடி நீளமும் 2½ அடி அகலமும் இருக்கட்டும். அடுப்பை நடுவில் வைக்காமல் ஓர் ஓரமாக வைத்து, சமைப்பவரின் கைப்பழக்கத்துக்கு ஏற்ற பக்கத்தில் அதே உயரத்தில் கஞ்சி வடிக்கும் இடம் விட வேண்டும். பானையைத் தூக்கிக் கொண்டு நடக்காமல் மேடையிலேயே நகர்த்திச் சாய்த்து வடிக்கலாம். வடிகஞ்சி நேரே கழுநீர்த் தொட்டிக்குப் போகுமாறு ஒரு குழாய் பதித்துவிட்டால் மாட்டுக்கு ஆயிற்று. அம்மியும் ஆட்டுக்கல்லும் வடக்கு ஓரத்தில் இருக்கலாம்.

மேடையின் மேல் கடப்பைக் கல் பதிக்க விரும்பினால், அடுப்புக்கு அடியில் மட்டும் வேண்டாம். சூட்டுக்கு அது வெடித்துத் தெறிக்கும். சிமெண்டுக் கலவையும் தீயருகே நிலைக்காது, உதிர்ந்துவிடும். அடுப்பைச் சுற்றிலும் செங்கல்லை மண் சாந்தில் கட்டுவதே சரியான முறையாகும்.

அடுப்பு போடுதல்

மண்ணடுப்புக்குக் கரையான் புற்று மண் சிறந்தது. இரண்டு கூடை புற்று மண்ணுக்கு ஒரு கூடை மணலும் அரைக் கூடை உமியும் சிறிது சாணமும் சேர்த்து, நீர் ஊற்றி, மூன்று நான்கு நாள் ஊறவிட்டு மிதிக்க வேண்டும். இந்த அளவு எல்லா மண்ணுக்கும் ஒத்து வராது. ஒரு உருண்டை பிடித்து இரண்டு நாள் நிழலில் உலர்த்திப் பாருங்கள். வெடிப்பு விட்டால் மணல் போதவில்லை. விரலால் தேய்த்தால் உதிருமானால் களி போதவில்லை.

நம் நாட்டுக் கொடியடுப்பு நல்ல அறிவோடு அமைந்த ஒன்று. முதல் பானையைச் சூடாக்கிய தீயும் ஆவியும் வீணாகாமல் பக்கத்திலுள்ள துவாரத்தின் வழியே சென்று இரண்டாவது பாத்திரத்தைக் காய்ச்சுகிறது. இதில் மூன்று திருத்தங்களைச் செய்தால் விறகு மிச்சமாகும். முதலாவது, அடியில் 4 அங்குல உயரத்தில் அரை அங்குல இரும்புக் கம்பிகளைச் சிறு இடைவெளி விட்டுப் பதித்து, விறகை அதன் மேல் எரிக்க வேண்டும். காற்று கீழிருந்து ஏறும். சாம்பல் கீழே விழும். ஊதுகுழலுக்கு வேலை குறையும். இரண்டாவது, கம்பிக்கும் பானையின் அடிக்கும் இடையே 6 முதல் 7 அங்குலம் போதும். மூன்றாவது, பானை உட்காரும் குமிழ்கள் அரை அங்குலத்துக்கு மேல் உயர வேண்டாம். ஒன்றரை, இரண்டு அங்குலக் குமிழ் வைத்த அடுப்புகளில் சந்தின் வழியே தீ வெளியே நாக்கை நீட்டிக் கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பாதி விறகு வானத்தைச் சூடாக்கவே செலவாகிறது! விறகு நுழையும் வாய் 5 அங்குலச் சதுரமாக இருந்தால், பெரிய கட்டையை அப்படியே திணிக்க முடியாமல் பிளந்து வைக்கும் பழக்கமும் வந்துவிடும்.

புதிய அடுப்பை நிழலில் 10 முதல் 15 நாள் காயவிட்ட பிறகே பற்ற வைக்க வேண்டும். முதல் இரண்டு நாள் சுள்ளித் தீ மட்டும் போதும்.

புகைபோக்கி வைக்கலாமா என்று பலர் கேட்கின்றனர். 1980-களில் மத்திய அரசின் மேம்படுத்தப்பட்ட அடுப்புத் திட்டத்தின் கீழ் நாடெங்கும் புகைபோக்கி அடுப்புகள் அமைக்கப்பட்டன. 2002-இல் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. அவற்றில் பல நிலைக்காமல் போனதற்குப் பராமரிப்பு இல்லாமையும் ஒரு காரணம். கரி அடைத்துக் கொண்ட குழாய், புகையை வெளியேற்றாமல் அடுப்பின் வாய் வழியாகவே திருப்பி அனுப்பும். மாதம் ஒரு முறை குழாயைக் கழற்றித் தட்டிச் சுத்தம் செய்ய உங்கள் வீட்டில் ஆள் உண்டு என்றால் புகைபோக்கி மிக நல்லது. 4 அங்குலச் சுட்டமண் குழாயையோ தகரக் குழாயையோ தெற்குச் சுவர் வழியே வெளியே எடுத்து, முகட்டை விட 2 அடி உயர்த்தி, கம்பி இழுத்துக் கட்டி, உச்சியில் மழைக்கு ஒரு தொப்பி வைக்க வேண்டும். சுத்தம் செய்ய இயலாது என்று தெரிந்தால், திறந்த முகடும் காய்ந்த விறகும் போதும் என்று நின்றுவிடுவதே புத்திசாலித்தனம்.

நெல் அவிப்பதற்கும் விசேஷச் சமையலுக்கும் வேண்டிய கோட்டை அடுப்பை இக்கூரையின் அடியில் போட வேண்டாம். கிழக்கே 15 அடி தள்ளி வெட்டவெளியில், அடி அகலம் அடி ஆழத்தில் வெட்டிக் கொண்டு, வேலை முடிந்ததும் மூடிவிடலாம். காற்று பலமாக வீசும் நாளில் பற்ற வைக்காமல் விடியற்காலையில் முடித்துக் கொள்ளவும். பக்கத்தில் இரண்டு குடம் நீர் எப்போதும் நிறைந்திருக்க வேண்டும்.

எரிவாயு அடுப்பையும் இதே கூரையின் அடியில் வைக்க விரும்புவோர், அதனை விறகடுப்பிலிருந்து எதிர்க் கோடியில் வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் எரிக்காமல் பார்த்துக் கொள்ள வேண்டும். இவ்வாயு காற்றை விடக் கனமானது. கசிந்தால் கீழே தேங்கும். ஆகையால் சிலிண்டரைப் பள்ளத்தில் இறக்கி வைக்கக் கூடாது. நிமிர்த்தியே வைக்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். நான்கைந்து மாடுகள் வைத்து நாளுக்கு 50 கிலோ சாணம் கிடைக்கும் வீடுகளில் 2 கன மீட்டர் சாண எரிவாயுக் கலன் அமைத்தால் இந்த அடுப்படியில் விறகின் வேலை பாதிக்கு மேல் குறையும். குழாய் வர வேண்டிய வழியைக் கட்டும்போதே விட்டு வைப்பது நல்லது.

விறகும் சாம்பலும்

எவ்வளவு திருத்தமாக அடுப்பு போட்டாலும் விறகு ஈரமானால் பயனில்லை. அன்று வெட்டிய மரத்தில் எடையில் ஏறக்குறைய பாதி நீராகவே இருக்கும். பத்து கிலோ பச்சை விறகை அடுப்பில் வைத்தால் ஐந்து லிட்டர் நீரை முதலில் ஆவியாக்குகிறோம். ஒரு கிலோ நீரை ஆவியாக்க 600 கிலோ கலோரிக்கு மேல் வெப்பம் வேண்டும். இந்த இழப்பை விடப் பெரிய கேடு ஒன்றுண்டு: தீ குளிர்ந்து, முழுவதும் எரியாத பகுதி புகையாக வெளியேறுகிறது. கண் எரிச்சலுக்கும் பானைக் கரிக்கும் அதுவே காரணம்.

எனவே அடுப்படிக்கு மேற்கே 10 அடி தள்ளி விறகுக்கென்று சிறிய கொட்டகை வேண்டும். ஆடியில் பொறி அத்திசையில் பறக்காது. தரையிலிருந்து அரை அடி உயரத்தில் கல்லின் மேல் கழிகளைப் பரப்பி, சுவரில் ஒட்டாமல் அடுக்கினால் காற்றோட்டமும் இருக்கும். தேளும் பாம்பும் தங்கினால் கண்ணுக்குத் தெரியும். ஒரு வாரம் விறகை எடை போட்டு எரித்துப் பாருங்கள். நாளுக்கு 5 கிலோ ஆகிறது என்று வைத்துக் கொண்டால், ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதத்துக்கு 300 கிலோ காய்ந்த விறகு புரட்டாசிக்குள் உள்ளே இருக்க வேண்டும். சீமைக்கருவேல் நின்று எரியும். சவுக்கும் நல்ல விறகு. பருத்தி மார், துவரை மார், மரவள்ளிக் குச்சி ஆகியவை வெந்நீருக்கு ஏற்றவை. ஆனால் அருகிலேயே ஆள் இருந்து தள்ளிக் கொண்டிருக்க வேண்டும். அரளியை அடுப்பில் வைக்கவே கூடாது. அதன் புகையும் நஞ்சு. உரச்சாக்கு, பிளாஸ்டிக் பை, பூச்சிமருந்துப் புட்டி, பெயிண்டு பூசிய பலகை ஆகியவற்றைப் பற்ற வைக்கவும் பயன்படுத்தக் கூடாது. மண்ணெண்ணெயை ஊற்றித் தீ மூட்டுவதும் வேண்டாம். பன்னாடையும் காய்ந்த தென்னம்பாளையும் இருக்கையில் அதற்கு அவசியமே இல்லை.

பாத்திரம் கழுவும் நீரை வடக்குப் பக்கச் சரிவிலிருந்து சிறு வாய்க்கால் வெட்டி, கல்வாழைப் பாத்தி ஒன்றின் வழியே விட்டு, வாழைக்கோ சேம்புக்கோ பாய்ச்சலாம். கிணற்றுப் பக்கம் திருப்பி விடக் கூடாது.

சாம்பலில் சாம்பல் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உள்ளன. காலைப் பனி இருக்கும்போது அவரை, வெண்டையின் மேல் தூவினால் அசுவினி குறையும். வாழைக்கும் தென்னைக்கும் குழியில் இடலாம். களர் நிலத்துக்கு மட்டும் இட வேண்டாம். அங்கு ஏற்கனவே காரத்தன்மை அதிகம். யூரியாவுடனும் அமோனியம் சல்பேட்டுடனும் சாம்பலைக் கலந்தால் தழைச்சத்து அமோனியாவாகக் காற்றில் போய்விடும். உமிச் சாம்பலில் பெரும்பகுதி மணிச்சத்தோ சாம்பல் சத்தோ அன்று, மணற்சத்தே. எந்தச் சாம்பலானாலும் அடுப்பிலிருந்து வாரியவுடன் எருக்குழியில் கொட்டக் கூடாது. மேலே வெளுத்திருந்தாலும் உள்ளே தணல் மறுநாள் வரை இருக்கும். மேடைக்குக் கீழே மூடியுள்ள பழைய தகர டின் ஒன்றை வைத்து, அதில் ஒரு நாள் ஆறவிட்டு, கையால் தொட்டுப் பார்த்த பிறகே எடுத்துச் செல்ல வேண்டும்.